பழைய கேட்டர்பில்லர் டி2 செயின் டிராக்டர்: என்ன மக்கர் பண்ணுது, எங்க பாக்கணும்

பழைய செயின் டிராக்டர் வாங்கினவங்களும் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களும் எங்கிட்ட கேக்குற கேள்விங்க திரும்பத் திரும்ப ஒண்ணுதான். எஞ்சின் சுத்தல, அத சுத்திவிடுற குட்டி பெட்ரோல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகல, ஒரு பக்கம் திரும்பல, செயின் கழண்டுக்குது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா எழுதி வெச்சிடுறேன்.

நான் இருக்கிறது கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன் பக்கம். 1904 நவம்பர்ல பெஞ்சமின் ஹோல்ட் தன்னோட ஸ்டீம் வண்டியில பின்சக்கரத்த எடுத்துட்டு செயின் மாட்டி ஓட்டிப் பாத்தது இங்க டெல்டாவுலதான், ராபர்ட்ஸ் ஐலண்டுல. அந்த மண்ணு பஞ்சு மாதிரி, சக்கர வண்டிய அப்படியே முழுங்கிடும். அப்புறம் 1925ல ஹோல்ட் கம்பெனியும் பெஸ்ட் கம்பெனியும் சேந்துதான் கேட்டர்பில்லர் ஆச்சு. அதனால இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்து கொட்டாய தொறந்தாலும் ஒரு பழைய கேட்டர்பில்லர் நிக்கும். எங்கிட்ட இருக்கிறது ஒரு 5யூ, அதாவது சீரியல் நம்பர் 5யூன்னு ஆரம்பிக்கிற டி2. அது போக பக்கத்து வால்நட் தோட்டத்து பஞ்சாபி பெரியவரோட 5ஜே ஒண்ணு, சிநேகிதன் ஒருத்தனோட 5யூ ஒண்ணு, ஆக மூணு டி2ல கை வெச்சிருக்கேன். மூணுலயும் நான் பாத்தது ஒரே விஷயம்தான், இந்த வண்டிய வேலை கெடுக்கல, நின்ன இடத்துல பேஞ்ச மழைதான் கெடுத்திருக்கு. கீழ வர்ற பாதி கோளாறுல தண்ணி எங்க பூந்துச்சுன்னு தேடினாலே விடை கிடைச்சிரும்.

பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி

சீரியல் நம்பரோட ஆரம்ப எழுத்த முதல்ல பாருங்க. 3ஜே, 5ஜே 1938லேந்து 1947 வரைக்கும் வந்தது, அதுல டி3400 எஞ்சின், போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 3¾ அங்குலம். 4யூ, 5யூ 1947லேந்து 1957 வரைக்கும், அதுல டி311, போர் 4 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய் வர்ற தூரம்) ரெண்டுக்குமே 5 அங்குலம். 3ஜேயும் 4யூவும் 40 அங்குல அகலம், 5ஜேயும் 5யூவும் 50 அங்குலம். சாமான் வாங்கப் போறப்ப கடைக்காரர் முதல்ல கேக்குறது இததான், எழுத்து தெரியாம சாமான் வாங்கினா பாதி ஒத்துவராது.

கையில ஸ்பேனர் செட்டு, கடப்பாரை, டார்ச், நாலு காலி டப்பா எடுத்துட்டுப் போங்க. விக்கிறவர்கிட்ட கேட்டுட்டு எஞ்சின், கியர் பாக்ஸ், ரெண்டு ஃபைனல் டிரைவ் (செயினுக்கு பவர் கொடுக்குற கடைசி கியர் பெட்டி), இதோட கீழ் ட்ரெயின் பிளக்க (ஆயில வடிக்கிற மூடி) ஒவ்வொண்ணா மெதுவா லூசு பண்ணுங்க, முழுசா கழட்ட வேண்டாம். ஆயில் தண்ணிய விட லேசு, அதனால நாள்கணக்கா நின்ன வண்டியில தண்ணி அடியில போய் உக்காந்திருக்கும், பிளக்க லூசு பண்ணினதும் முதல்ல வர்றது எதுன்னு பாத்தா போதும். ரெண்டு சொட்டு தண்ணின்னா பரவால்ல, டம்ளர் கணக்குல வந்தா விலையில குறைக்கணும். விடமாட்டேன்னு விக்கிறவர் சொன்னா உள்ள தண்ணி இருக்குன்னே வெச்சு விலை பேசுங்க.

பெயிண்ட பாக்காதீங்க, செயினையும் அத ஓட்டுற பல்லுச் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்க. ஸ்ப்ராக்கெட் பல்லு முனை கூரா சுறா பல்லு மாதிரி ஆயிருந்தா செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட்னு அடிப்பக்க வேலை முழுசும் உங்க தலையில, அந்தச் செலவு சில சமயம் வண்டி விலையவே தாண்டிரும்.

எஞ்சின் சுத்தவே மாட்டேங்குது, ஜாம்

"ஜாம்"னு சொல்லி விக்கிற வண்டி எல்லாம் ஜாம் இல்ல. முதல்ல மெயின் கிளட்ச் லீவர் விலகியிருக்கா, கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க. பெரியவரோட 5ஜே மூணு வருஷமா எஞ்சின் போச்சுன்னு நின்னுச்சு, பாத்தா கியர்ல போட்டு கிளட்ச் சேத்த மாதிரியே விட்டிருக்காங்க, நாங்க தள்ளிக்கிட்டிருந்தது எஞ்சின இல்ல, துரு பிடிச்ச செயினோட மொத்த வண்டியவும்.

அடுத்தது கம்ப்ரெஷன் விடுற லீவர ஸ்டார்ட் பக்கம் தள்ளிட்டு, ஃபிளைவீல் ஹவுசிங் மூடிய கழட்டி, பல்லுல கடப்பாரைய முட்டுக்கொடுத்து ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. ஒரு விரக்கட அசைஞ்சாலும் நல்ல சேதி.

அசையவே இல்லேன்னா சைலன்சர் குழாய் மேல மூடி இருந்துச்சான்னு கேளுங்க. பெரும்பாலும் இருக்காது. மழைத்தண்ணி குழாய் வழியா இறங்கி, எந்த சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு தொறந்து நின்னுச்சோ அதுல போய் தேங்கும், அதனால பொதுவா ஒண்ணோ ரெண்டோ சிலிண்டர்தான் பிடிச்சிருக்கும், நாலும் இல்ல. ராக்கர் மூடிய கழட்டி எட்டு வால்வும் மேல கீழ போகுதான்னு பாருங்க. ஒரு வால்வு கீழயே நின்னுட்டா எஞ்சின வலுக்கட்டாயமா சுத்தாதீங்க, பிஸ்டன் வந்து அத இடிச்சா புஷ் ராடு வளையும், இல்ல வால்வே வளையும். கைடுல ஆயில் விட்டு, மரக்கட்டைய வெச்சு லேசா தட்டி, ஒரு நாள் விட்டு மறுபடி தட்டி, அப்படித்தான் விடுவிக்கணும்.

சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாசில கழட்டி, ஓட்டை வழியா டீசலும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற விடுங்க. தினமும் ஒரு வேளை கடப்பாரையில ஆட்டுங்க, சம்மட்டியால அடிக்காதீங்க. என்னோடது பதினோராவது நாள் நகந்துச்சு. நகந்ததும் சந்தோஷத்துல உடனே குட்டி எஞ்சின போட்டு சுத்திடாதீங்க, நாசில் ஓட்டைங்க தொறந்தே இருக்கணும், கையால ரெண்டு மூணு சுத்து சுத்தி உள்ள இருக்கிற எண்ணெய் எல்லாம் வெளிய பீச்சி அடிச்ச பிறகுதான் மத்தது. பிஸ்டன் மேல திரவம் நின்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

ஆள கூப்பிட வேண்டிய இடம்: மாசக்கணக்குல ஊறியும் அசையல, இல்ல ஹெட்ட தூக்கினா லைனர்ல (சிலிண்டரோட உள் குழாய்) துரு நகத்துல தட்டுப்படுற அளவுக்கு பள்ளமா அரிச்சிருக்கு. அது லைனர், பிஸ்டன் வேலை, எஞ்சின் ஷாப்புக்குத்தான் போகணும்.

குட்டி எஞ்சின் ஸ்டார்ட் ஆகல

டி2ல டீசல் எஞ்சின சுத்திவிடுறதுக்குன்னே பக்கத்துல ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு இருக்கு, போனின்னு சொல்லுவாங்க. இதுல ஸ்பார்க் வருதா, பெட்ரோல் வருதா, கம்ப்ரெஷன் இருக்கா, இந்த மூணுதான், வரிசையா இதே மாதிரி பாருங்க.

ஸ்பார்க் பிளக்க கழட்டி பாடியில படுற மாதிரி வெச்சு சுத்துங்க. சுத்தும்போது ஸ்பார்க்குக்கு கரண்ட் கொடுக்குற மேக்னெட்டோவுல "டிக் டிக்"னு சத்தம் வரணும். சத்தமே இல்லேன்னா உள்ள இம்பல்ஸ் கப்ளிங் பிசுக்கு பிடிச்சு ஒட்டிக்கிச்சு, மண்ணெண்ணெய்ல கழுவினா விட்டுரும். சத்தம் வருது ஆனா ஸ்பார்க் இல்லேன்னா பாயிண்ட் முனைய மெல்லிசா தேய்ச்சு சுத்தம் பண்ணுங்க, பாதி வண்டி இதுலயே சரியாயிடும். அப்புறம் கண்டென்சர், அது சின்ன காசு. கடைசியாதான் காயில்.

ஸ்பார்க் நல்லா நீலமா வருது, எடுக்கலேன்னா டேங்க்க பாருங்க. அடியில துருவும் பழைய பெட்ரோல் காஞ்ச பிசினும் கிடக்கும். கார்புரேட்டர பிரிச்சு ஜெட் ஓட்டைய மெல்லிய செம்புக் கம்பியால குத்துங்க, இரும்புக் கம்பி வேண்டாம், ஓட்டை பெருசாயிடும்.

ரெண்டும் சரியா இருந்தா பிளக் ஓட்டைய விரலால மூடி சுத்திப் பாருங்க. விரல தள்ளலேன்னா வால்வு ஒட்டியிருக்கும், துரு விடுற ஆயில், பொறுமை, வேற வழியில்ல.

இன்னொண்ணு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போனியோட ஆயில மறக்காம மோந்து பாருங்க. இதுக்கு தனி ஆயில், பெரிய எஞ்சின் ஆயில் இல்ல. பெட்ரோல் வால்வ மூடாம விட்டுட்டா கார்புரேட்டர் வழியா ஒழுகி உள்ள ஆயில்ல கலந்துரும், அளவு கூடியிருக்கும், பெட்ரோல் நாத்தம் அடிக்கும், அப்படியே ஓட்டினா பேரிங் போயிரும். ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் வால்வ மூடி, கார்புரேட்டர்ல இருக்கிறது தீந்து தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க.

கயிறோ கிராங்க்கோ எதுல இழுத்தாலும் கட்டைவிரல மத்த நாலு விரல் இருக்கிற பக்கமே வெச்சுக்குங்க, சுத்திப் பிடிக்காதீங்க, கயிற கையில சுத்திக்காதீங்க. திருப்பி அடிச்சா எலும்பு போயிடும், இதுல விளையாட்டே வேணாம்.

ஆள கூப்பிட வேண்டிய இடம்: போனி ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கு, இல்ல பிளக் ஓட்டைலேந்து தண்ணி வருது. போனிக்கும் பெரிய எஞ்சினுக்கும் ரேடியேட்டர் தண்ணி ஒண்ணுதான், குளிர்ல உறைஞ்சு பிளாக்கோ ஹெட்டோ விரிஞ்சிருக்கலாம். வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிஞ்ச ஆளு வேணும், சாதா வெல்டர்கிட்ட கொடுத்தா விரிசல் இன்னும் நீளும். ஊர்ல விசாரிச்சா பழைய வண்டியில கழட்டின முழு போனியே கிடைக்கும், பல சமயம் அதுதான் மலிவு.

போனி ஓடுது, பெரிய எஞ்சின் சுத்தல

முக்காவாசி இது கோளாறே இல்ல, வரிசை தப்பு. போனிய ஓட விட்டு, அதோட கிளட்ச விலக்கி, உள்ள சுத்துறது நின்ன பிறகு பினியன் (பெரிய எஞ்சின சுத்துற சின்ன கியர்) லீவர தள்ளி, ஃபிளைவீல் பல்லுல உக்காந்ததும் கிளட்ச மெதுவா சேக்கணும். கரகரன்னு சத்தம் வந்தா நின்னுருங்க, பல்ல தின்னுக்கிட்டிருக்கு.

வரிசை சரி, கிளட்ச் சேத்தா போனி மட்டும் ஓடுது, பெருசு அசையல: கிளட்ச் வழுக்குது, அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க. பண்ணியும் வழுக்குதுன்னா தட்டு தேஞ்சிருக்கு.

பினியன் உக்காந்ததும் தானா விட்டு விட்டு வெளிய வருது: பிடிச்சு நிக்கிற கொக்கி தேஞ்சிருக்கு. டீசல் எடுத்ததும் தானா விலகுறதுக்குத்தான் அந்த கொக்கி, அதனால கம்பிய போட்டு கட்டி வெச்சுடலாம்னு நினைக்காதீங்க, டீசல் எடுத்த வேகத்துல போனிய அது சுத்தி உடைச்சிடும்.

டீசல் சுத்துது, எடுக்கல

இந்த இடத்துல ஒரு விஷயம் கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன். வருஷக்கணக்கா நின்ன வண்டிய முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டீசல் பம்போட ராக் (டீசல் அளவ கூட்டிக் குறைக்கிற கம்பி) சரளமா போய் வருதான்னு கையால பாத்துடுங்க. நின்ன வண்டியில அது துரு பிடிச்சு ஒரே இடத்துல நின்னுரும். ஆஃப்ல நின்னா வண்டி எடுக்காது, அவ்வளவுதான். ஃபுல்ல நின்னா எடுத்ததும் வேகம் ஏறிக்கிட்டே போகும், வேகத்த கட்டுப்படுத்துற கவர்னரால பிடிக்க முடியாது, எஞ்சின் சிதறிடும். காத்து உள்ள போற வாய முழுசா மூடுற மாதிரி ஒரு தட்டையான பலகைய தயாரா வெச்சுக்கிட்டு, அத போடுறதுக்குன்னே ஒரு ஆள நிறுத்துங்க. சிநேகிதன் வண்டியில அந்தப் பலகை எங்களுக்கு தேவைப்பட்டுச்சு.

ராக் சரளமா இருக்கு, ஆனாலும் எடுக்கலேன்னா இப்படிப் போங்க.

போதுமான சூடு கொடுத்தீங்களா? இதுல குளோ பிளக் கிடையாது. போனியோட புகை போற வழி டீசலோட காத்துக் குழாய சூடாக்குற மாதிரி வெச்சிருக்காங்க. கம்ப்ரெஷன விட்ட நிலையில அஞ்சு நிமிஷமாவது சுத்த விடுங்க, இங்க டிசம்பர்ல பனிமூட்டம் நாள்கணக்கா நிக்கும்போது நான் பத்து நிமிஷம் விடுவேன், ஆயில் பிரஷர் வந்துருச்சான்னு பாத்துட்டு அப்புறம் கம்ப்ரெஷன் லீவர ரன் பக்கம் தள்ளி, அப்புறம் டீசல தொறக்கணும். அவசரப்படுறவங்களுக்குத்தான் இது எடுக்காது.

டீசல் பிரஷர் முள்ளு எழும்புதா? எழும்பலேன்னா டேங்க் வால்வு, டேங்க் அடியில தேங்கின தண்ணி, ஃபில்டர், இந்த வரிசையில பாருங்க. ஃபில்டர் ஹவுசிங்ல ஏர் எடுக்குற வால்வ தொறந்து நுரை இல்லாம வர்ற வரைக்கும் விட்டு, அப்புறம் நாசில் பக்கம் நாலு குழாயோட நட்டையும் ஒவ்வொண்ணா லூசு பண்ணி ஏர் எடுங்க. எல்லாம் சுத்தமா இருந்தும் பிரஷர் இல்லேன்னா கோளாறு டிரான்ஸ்ஃபர் பம்புல, டேங்க்லேந்து டீசல இழுத்துக் கொடுக்குறது அதுதான்.

பிரஷர் இருக்கு, ஆனா ஒரு குழாய்ல மட்டும் டீசல் துடிக்கல: அந்த சிலிண்டரோட பம்ப் பிளஞ்சர் ஒட்டியிருக்கு. நாலு சிலிண்டருக்கும் தனித்தனி பம்ப், அதனால ஒண்ண மட்டும் கழட்டி வேலை பாக்கலாம். ஆனா அதுக்குள்ள கை வைக்கிறது என் வேலையும் இல்ல, உங்க வேலையும் இல்ல. பம்பும் நாசிலும் டீசல் பம்ப் ஷாப்புக்குத்தான். எது எந்த சிலிண்டர்ன்னு நம்பர் கட்டி அனுப்புங்க, பிளஞ்சரும் பேரலும் ஜோடி, மாத்தி மாட்டக்கூடாது.

ஓடுது, ஆனா புகை

வெள்ளப் புகை, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்குது: சூடாகிற வரைக்கும் பத்து பதினஞ்சு நிமிஷம் பொறுங்க. அப்புறமும் இருந்தா எக்ஸாஸ்ட் குழாய் வெளிப்பக்கத்துல ஒவ்வொரு சிலிண்டர் கிட்டயும் ஒரு சொட்டு தண்ணி விடுங்க, எங்க சொய்யுன்னு ஆவியாகலயோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. நாசில மாத்தி மாட்டிப் பாருங்க, கோளாறு நாசில் கூடவே நகந்தா நாசில், நகரலேன்னா பம்ப் இல்ல வால்வு.

கருப்புப் புகை: ஏர் கிளீனர். ஆயில் போட்ட கிளீனர் இது, கப்புக்குள்ள ஆயிலுக்கு பதிலா தார் மாதிரி சேறு இருக்கும், கழுவிட்டு புது ஆயில் அளவுக்கோடு வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம், மேல ஊத்தினா எஞ்சின் அந்த ஆயிலையும் சேத்து இழுத்து எரிக்கும்.

நீலப் புகை: இங்கதான் ஜனங்க அவசரப்பட்டு எஞ்சின பிரிச்சு காச கொட்டுறாங்க. நின்ன வண்டியில ரிங்கு ஒட்டிக்கிட்டிருக்கும். ஆயில மாத்திட்டு, மண்ண உழவோ ரோடு இழுக்கவோ போட்டு நல்லா லோடுல வேலை வாங்குங்க, சும்மா நிறுத்தி உறும விடுறதுல பிரயோஜனம் இல்ல. இருபது முப்பது மணி நேரம் உழைச்ச பிறகும் அதே புகைன்னா அப்ப கம்ப்ரெஷன் பாருங்க. என் வண்டி முதல் நாள் தோட்டமே தெரியாத அளவுக்கு விட்டுச்சு, ஒரு சீசன் உழுத பிறகு காலைல எடுக்கும்போது மட்டும்தான்.

ஆயில் அளவு கூடுது

ஆயில் தொட்டா கெட்டி இல்லாம நீத்துப்போயிருக்கு, டீசல் வாசம்: டிரான்ஸ்ஃபர் பம்ப் சீல். ரெண்டு சீலுக்கு நடுவுல ஒழுகினா வெளிய சொட்டுறதுக்கு ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, மண்ணு அடைச்சா டீசல் வெளிய வராம உள்ள ஆயிலுக்குப் போயிரும். ஓட்டைய குத்தி விட்டு சீல மாத்துங்க, கடையில சீல் கிடைக்கும், வேலையும் ஒரு நாள்தான். அது வரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க.

மோர் மாதிரி வெள்ளையா இருக்கு: தண்ணி. மழைத்தண்ணியா, ரேடியேட்டர் தண்ணியான்னு பிரிக்கணும். ஆயில மாத்திட்டு ரேடியேட்டர கழுத்து வரைக்கும் ரொப்பி, ஓட்டாம மூணு நாள் விடுங்க, மட்டம் இறங்கலேன்னா, ட்ரெயின் பிளக்குல தண்ணியும் வரலேன்னா அது பழைய மழைதான். இறங்கினா ஹெட் கேஸ்கட், லைனர் சீல், ஹெட் விரிசல், இதுல ஒண்ணு. கேஸ்கட் வரைக்கும் நீங்க பண்ணலாம், அதுக்கு மேல ஷாப்.

ஒரு பக்கம் திரும்ப மாட்டேங்குது

டி2 வாங்குறவங்க ராத்திரி தூக்கத்த கெடுக்குறது இதுதான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஸ்டீரிங் வீல் கிடையாது, ஒவ்வொரு செயினுக்கும் ஒரு கிளட்ச் லீவர், ஒரு பிரேக் பெடல். வலது லீவர இழுத்தா வலது செயினுக்கு பவர் நிக்கணும், பெடல அமுக்கினா அந்தப் பக்கம் திரும்பணும். கிளட்ச் இருக்கிற அறை காஞ்ச அறை, ஆயில் இருக்கக்கூடாது, சீட்டுக்கு அடியில இருக்கிறதால மழை நேரா அதுக்குள்ளதான் இறங்கும்.

லீவர இழுத்தாலும் அந்தப் பக்கம் பவர் விடல, பிரேக்க அமுக்கினா எஞ்சின் முக்குது: கிளட்ச் தட்டு எல்லாம் துருவுல ஒட்டிக்கிச்சு.

முதல்ல லீவர் பிளேய பாருங்க. மேல் முனையில கொஞ்சம் லூசு இருந்து அப்புறம் பிடிக்கணும், லூசு ரொம்ப இருந்தா கிளட்ச் முழுசா விலகாது, ஸ்பேனர்ல அட்ஜஸ்ட் பண்ற வேலை, காசு இல்ல.

அடுத்தது அறையோட கீழ் பிளக்க கழட்டுங்க. தண்ணி வந்தா துரு, நாம நினைச்சதுதான். முழுசா வடிய விடுங்க.

அப்புறம் வண்டிய ஒரு மணி நேரம் ஓட்டி நல்லா சூடாக்குங்க. சமதரையில, சுத்தி யாரும் இல்லாத இடத்துல, லீவர பின்னாடி இழுத்துக் கயித்தால கட்டிட்டு, ஒண்ணாம் கியர்ல மெதுவா போய்க்கிட்டே அந்தப் பக்க பிரேக்க விட்டு விட்டு அமுக்குங்க. முன்னாடி பின்னாடி மாத்தி மாத்தி. சில சமயம் அரை மணியில "டொப்"புன்னு விட்டுரும். விடலேன்னா லீவர கட்டின மாதிரியே ராத்திரி முழுக்க விட்டு மறுநாள். என்னோட இடது பக்கம் இப்படி மூணாவது நாள் விட்டுச்சு, வலது பக்கம் விடவே இல்ல. மரத்துல முட்டக்கொடுத்து உடைக்கிறவங்கள பாத்திருக்கேன், அதுல கிளட்ச் விடுதோ இல்லையோ ஃபைனல் டிரைவ் பல்லு போகும், வேணாம்.

லீவர் லேசா இருக்கு, ஆனா லோடுல அந்தப் பக்க செயின் நின்னுக்குது: இது வழுக்கல். பிளக்குல ஆயில் வந்தா கியர் பாக்ஸ் பக்கமோ ஃபைனல் டிரைவ் பக்கமோ சீல் போய் காஞ்ச அறைக்குள்ள ஆயில் வந்துருச்சு. பிளக்க மாட்டி மண்ணெண்ணெய் ஊத்தி, சில நிமிஷம் முன்னாடி பின்னாடி ஓட்டி, லீவர விட்டு இழுத்து, உடனே சூடா இருக்கும்போதே வடிங்க, ரெண்டு தடவ இப்படி. பெட்ரோல் எந்தக் காரணத்துக்கும் வேணாம், பக்கத்துல பீடி சிகரெட்டும் வேணாம். கழுவினா ஒரு சீசன் தள்ளும், சீல் மாத்துற வரைக்கும் இது முதலுதவிதான். ஆயிலே இல்லாம வழுக்கினா தட்டு தேஞ்சு போச்சு.

எதுவும் நடக்கலேன்னா சீட்டு, டேங்க் எல்லாம் எடுத்து, மேல் மூடிய தூக்கி, கிளட்ச் டிரம்ம அப்படியே வெளிய எடுக்கணும். தூக்குறதுக்கு செயின் பிளாக் இருந்தா தெரிஞ்ச ரெண்டு பேர் வாரக் கடைசியில பண்ணிடலாம், நான் வலது பக்கத்த அப்படித்தான் எடுத்தேன், தட்ட தேய்ச்சு சுத்தம் பண்ணி அதையே திரும்ப மாட்டினேன். உள்ள இருக்கிற தூசிய காத்தடிச்சு ஊதாதீங்க. அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னே நினைச்சு, ஈரத்துணியால துடைங்க, மாஸ்க் போடுங்க. ஸ்பிரிங்க அமுக்கிப் பிரிக்கிற கருவி இல்லேன்னா டிரம்ம ஷாப்புக்கு கொடுங்க, பாய்ஞ்சு வந்தா ஆள அடிக்கும்.

இந்தக் கோளாறு சரியாகிற வரைக்கும் சரிவுல ஏத்தாதீங்க இறக்காதீங்க. சரியான வண்டியிலயே இறக்கத்துல ஒரு ஆபத்து இருக்கு, பின்னாடி லோடு தள்ளும்போது பிரேக் போடாம வலது லீவர மட்டும் இழுத்தா வலது செயின் பிடிப்பில்லாம வேகமா ஓடி வண்டி இடது பக்கம் திரும்பும். புதுசா ஓட்டுறவங்க பயத்துல இன்னும் பலமா இழுப்பாங்க, இன்னும் இடதுக்கே போகும். இத தெரிஞ்சுக்காம மேட்டுல ஓட்டக்கூடாது.

செயின் கழண்டுக்குது, இல்ல "டக் டக்"குன்னு அடிக்குது

முதல்ல மண்வெட்டிய எடுங்க. ஸ்ப்ராக்கெட்டுலயும் ரோலர்லயும் மண்ணும் வால்நட் ஓடும் கெட்டியா அப்பிக்கிட்டா செயின் இறுகி அடிக்கும், தோண்டி எடுத்தா சரி.

அடுத்தது தொய்வு. மேல் ரோலருக்கும் முன் ஐட்லருக்கும் (செயின் சுத்தி வர்ற முன் சக்கரம்) நடுவுல நேரான கட்டைய வெச்சு அளங்க, 1லேந்து 1½ அங்குலம் தொங்கணும். அதிகம் தொங்கினா திரும்பும்போது கழண்டுக்கும், ரொம்ப இறுக்கினா செயின் லிங்க கோக்குற பின்னும் அது மேல இருக்கிற புஷ்ஷும் சீக்கிரம் தேயும். இது கிரீஸ் அடிச்சு இறுக்குற ரகம் இல்ல, திருகுதான். துரு பிடிச்சு நகராது, ஆயில் விட்டு சூடு காட்டி, நீளமான பைப் போட்டு திருப்புங்க.

திருகு கடைசி வரைக்கும் போயும் தொய்வு இருந்தா பின்னும் புஷ்ஷும் தேஞ்சு செயின் நீண்டுபோச்சு. ஒரு லிங்க எடுத்துட்டு ஓட்டுனா புது நீளமும் ஸ்ப்ராக்கெட் பல்லும் ஒத்துக்காம பல்ல தின்னுரும். புஷ்ஷ பாதி சுத்து திருப்பி மறுபக்கத்த பயன்படுத்தலாம், ஆனா அதுக்கு செயின் பிரஸ் வேணும், கனரக வண்டி ஷாப்லதான் இருக்கும்.

தொய்வு சரி, பின்னு சரி, ஆனா ஒரே பக்கம் மட்டும் கழண்டுக்குது: ரோலர் ஓரம் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கான்னு பாருங்க. அப்படின்னா டிராக் ஃப்ரேம் கோணலா நிக்குது, பின்னாடி தாங்குற பேரிங் தேஞ்சிருக்கு. இதுக்கு வண்டிய ஜாக்கில ஏத்தி ஃப்ரேம இறக்கணும். மூணு டன்னுக்கு மேல இருக்கிற வண்டி, கட்டைங்கள அடுக்கி வெக்காம வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்காதீங்க.

மெயின் கிளட்ச் வழுக்குது

லீவர தள்ளும்போது "டக்"குன்னு தாண்டி விழுந்து நிக்கணும். சொதசொதன்னு போனா மூடிய கழட்டி, பூட்டு பின்ன விடுவிச்சு, வளையத்த ஒரு பல்லு இறுக்கிட்டு மறுபடி தள்ளிப் பாருங்க. ஒவ்வொரு பல்லா, ஒரே தடவையா வேணாம். இறுக்க இடமே இல்லேன்னா தட்டு தேஞ்சு போச்சு.

ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் ஒழுகுது

ஸ்ப்ராக்கெட்டுக்கு உள்பக்கம் ஈரமா மண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா ஃபைனல் டிரைவ் சீல். மட்டத்த பாருங்க, பிளக்குல எடுத்த ஆயில்ல இரும்புத்தூள் மினுமினுக்குதா, தண்ணி இருக்கான்னு பாருங்க. தூள் இல்ல, தண்ணி இல்ல, நாளைக்கு ரெண்டு சொட்டுதான்னா ஒண்ணும் பண்ணாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ மட்டம் பாத்து ஊத்திக்கிட்டே ஓட்டலாம், பெரியவரோட 5ஜே நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது.

ஆயில் நிக்கவே மாட்டேங்குது, இல்ல உள்ள மண்ணு போயிருக்கு, இல்ல ஸ்ப்ராக்கெட்ட பிடிச்சு ஆட்டினா ஆடுதுன்னா சீலோட பேரிங்கும் போச்சு. ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டுல அழுத்தி ஏத்தினது, சம்மட்டிக்கும் சாதா புல்லருக்கும் வராது. ஹைட்ராலிக் பிரஸ் வண்டியிலயே எடுத்துட்டு வந்து கழட்டுற ஆளுங்க இங்க இருக்காங்க, அவங்கள கூப்பிடுங்க, ரெண்டு பக்கத்தையும் ஒரே நாள்ல கழட்டச் சொன்னா வர்ற கூலி ஒரு தடவையோட முடியும். செயின பிரிச்சு, சுத்தம் பண்ணி, சீலு பேரிங்கு எல்லாம் வாங்கி கையில வெச்சுக்கிட்டு அப்புறம் நாள் குறிங்க.